காலாவதியாகாத அறை

நிதித்துறை ஊழியர் குடியிருப்பில், ஒரு நிதியாண்டு முடிந்த மறுநாள் காலை, அந்த ஆண்டு முழுக்க யாரும் புழங்காத அறைகள் எல்லாம் காணாமல் போயிருந்தன. இடிந்து விழவில்லை, தீப்பிடிக்கவும் இல்லை. கதவு இருந்த இடத்தில் சுவர் இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுவர்கூடப் புதிதாக இல்லை. பழைய சுண்ணாம்பும், பல்லி ஓடிய கறையும், எப்போதோ நாட்காட்டி மாட்டிய ஆணியுமாக, பிறந்ததிலிருந்து அங்கேயே நிற்பது போல நின்றது. துணைச் செயலாளர் வீட்டில் விருந்தினர் அறை போயிற்று. அவர் வீட்டுக்கு விருந்தாளி வந்து பல வருஷம் ஆகியிருந்தது. வந்தவர்களை அவர் மனைவி வாசலோடு பேசி அனுப்பிவிடுவார் என்பது ஊரறிந்த விஷயம். சம்பளப் பிரிவுக் கண்காணிப்பாளருக்கு உடற்பயிற்சிக்கென்று ஒதுக்கியிருந்த அறை போயிற்று. அவர் தொந்தியைப் பார்த்தவர்கள் யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை. குடியிருப்புப் பொறியாளர் நாடாவோடு வந்து அளந்தார். வெளியே அளந்தால் பழைய அளவு, உள்ளே அளந்தால் குறைவு. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதிக்கொண்டு போனார். புகார் கொடுத்தவர்களுக்கு ஒரு வாரத்தில் பதில் வந்தது: ஒதுக்கியதைப் பயன்படுத்தாவிட்டால் ஆண்டு முடிவில் காலாவதியாகும் என்பது புதிய விதி அல்ல, குடியிருப்பவர்களே ஆண்டுதோறும் மற்றத் துறைகளுக்கு எழுதி அனுப்புகிற விதிதான். தன்வினை தன்னைச் சுடும் என்று காவலாளி மட்டும் சொன்னார், அதையும் மெதுவாகத்தான் சொன்னார்.

அடுத்த ஆண்டிலிருந்து குடியிருப்பு சுதாரித்துக்கொண்டது. ஆண்டின் கடைசி மாதம் பிறந்ததும் வீட்டுக்கு வீடு ஒரு பரபரப்பு தொற்றிக்கொள்ளும். மூலையில் கிடந்த நாற்காலிகளில் ஆளுக்கொரு நேரம் உட்கார்ந்து எழுந்தார்கள். சாமான் அறைக்குள் பாய் விரித்துச் சாப்பிட்டார்கள். பால்கனியில் படுத்துச் சளி பிடித்துக்கொண்டார்கள். ஆள் குறைவான வீடுகளுக்கு அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளை அனுப்பி, "ஒரு சுத்து ஓடிட்டு வாங்க" என்றார்கள். பிள்ளைகளும் அறை அறையாக ஓடிவிட்டுத் திரும்பின. இதே ஆட்கள்தான் அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைசி வாரத்தில் திரைச்சீலையும் மேஜை விசிறியும் வாங்கிக் குவிக்கும் துறைகளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள். உபதேசம் ஊருக்குத்தான். ஆனாலும் அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவனவன் வீட்டுச் சுவர் அவனவனுக்குப் பெரிது.

இந்தக் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இருந்தவருக்குத் துண்டு சார் என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. நிதிநிலை ஆய்வுப் பிரிவில், வரவு இவ்வளவு வரும், செலவு இவ்வளவு போகும், நடுவில் இவ்வளவு துண்டு விழும் என்று அமைச்சருக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது அவர் வேலை. நல்ல செய்தி சொல்லி அவரை யாரும் பார்த்ததில்லை. சினிமாவுக்கு வரிசையில் நின்றால், நம்ம முறை வர்றதுக்குள்ள டிக்கெட் தீர்ந்துடும் என்பார், தீர்ந்துவிடும். ஒரு துறையின் கணக்கைப் பார்த்த மாத்திரத்தில் எங்கே ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள் என்று விரல் வைத்துவிடுவார். இரண்டு விஷயங்கள் அவருக்கு ஆகவே ஆகாது. ஒன்று, செய்யாததைச் செய்ததாகக் கையெழுத்துப் போடுவது. மற்றொன்று, ஏன் எதற்கு என்று கேட்காமல், போன வருஷம் கொடுத்ததோடு பத்து சதவீதம் சேர்த்து இந்த வருஷமும் கேட்பது. அரசாங்கங்கள் எதிரியால் கவிழ்வதில்லை, இந்தப் பத்து சதவீதத்தால்தான் கவிழ்கின்றன என்று புதிதாகச் சேருகிறவர்களிடம் சொல்லுவார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் பத்து சதவீதம் போடுவார்கள்.

அவர் மனைவி அரசு அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். கணவர் எழுதிக் கொடுத்த எண்கள் பல கை மாறி அமைச்சரின் புத்தகமாக அச்சுக்கு வரும்போது, ஒரு புள்ளி இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. புத்தகம் சபையில் வைக்கப்படும்வரை ரகசியம் என்பதால் அச்சக ஊழியர்களைச் சில நாட்கள் உள்ளேயே வைத்துப் பூட்டிவிடுவார்கள். சாப்பாடு, படுக்கை எல்லாம் அங்கேதான், வெளியே ஒரு சொல் பேச முடியாது. இருவருக்கும் இரண்டு பிள்ளைகள். பெரியவன் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தான். சின்னவள் அப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. அறைகள் காணாமல் போவதற்குச் சில மாதம் முன்பு பெரியவன் காய்ச்சல் என்று படுத்தான். சுரம் மூளைக்கு ஏறியது. அந்த வாரம் முடிவதற்குள் அவன் இல்லை.

அவன் அறையை அம்மா சாத்தினாள், பிறகு யாரையும் திறக்க விடவில்லை. உள்ளே கட்டிலில் விரிப்பு அவன் எழுந்து போன சுருக்கத்தோடு கிடந்தது. ஆணியில் நீலச் சட்டை. தலைமாட்டில் பாதி குடித்த தண்ணீர். மேஜையில் கவிழ்த்து வைத்த புத்தகம், எந்தப் பக்கம் என்று அம்மாவுக்குக்கூடத் தெரியாது, தூக்கிப் பார்த்தால் பக்கம் மாறிவிடும் என்று தொடவில்லை. முதல் வருஷம் அந்த அறை தப்பித்தது. அந்த நிதியாண்டின் முற்பகுதியில் பெரியவனே அதில் புழங்கியிருந்தான் அல்லவா, அந்தப் புழக்கம் கணக்கில் நின்றது. அடுத்த வருஷம் அப்படி இல்லை. ஆண்டு முடிய ஒரு மாதம் இருக்கும்போது, துண்டு சார் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து அந்தக் கதவுக்கு முன்னால் நின்றார்.

"யாராவது உள்ள போய் ஒரு நாளாவது படுக்கணும்" என்றார். "இல்லைன்னா ஒண்ணாம் தேதி காலைல இங்க சுவருதான் இருக்கும்."

"படுத்தா அந்த விரிப்பு என்ன ஆகும்?" என்று கேட்டாள் அவர் மனைவி.

"அப்ப அறையே போகட்டுமா?"

"ரெண்டும் வேணாம். நீங்கதானே ஊருக்கெல்லாம் கணக்கு எழுதறீங்க, இதுக்கும் ஒரு வழி பண்ணுங்க."

சின்னவள் நடையில் இருந்து, "நான் படுத்துக்கிறேனே, விரிப்பை மடிக்காம ஓரமாப் படுத்துக்கிறேன்" என்றாள். அவள் அப்போது நடையில்தான் படுப்பாள், துணி தேய்க்கும் மேஜைக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில். "உனக்கு நடையில என்ன குறைச்சல்?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் சின்னவள் மறுபடி கேட்கவில்லை.

துண்டு சார் பல நாள் யோசித்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பொய்யான ஒன்றில் அவர் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காக இரண்டு பதவி உயர்வுகளை இழந்தவர். ஆனால் பெற்ற மனம் பித்து. ஆண்டின் கடைசி நாளன்று, ஒதுக்கியது ஒழுங்காகச் செலவானது என்று துறைகள் எழுதிக் கொடுக்கும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒன்றை எடுத்து வீட்டு அறைக்கு நிரப்பினார். பயனாளி என்ற இடத்தில் மகன் என்று எழுதினார். ஒதுக்கீட்டை அனுமதியில்லாமல் வேறொருவர் பேருக்கு மாற்றக்கூடாது, அந்த விதியில் கை ஊறியிருந்தது. மேற்படி அறை மேற்படி பயனாளியால் ஒதுக்கப்பட்ட நோக்கத்துக்காகவே பயன்படுத்தப்பட்டது, பயன்பாடு தொடர்கிறது என்ற அச்சு வாசகத்தின் கீழே கையெழுத்துப் போட்டுக் கதவில் ஒட்டினார். மறுநாள் காலை கதவு இருந்தது. அவர் மனைவி அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது உள்ளே கட்டில் கிரீச்சிட்டது, யாரோ புரண்டு படுப்பது போல.

அன்றிலிருந்து அறை புழக்கத்தில் இருந்தது. மாலையில் கதவுக்குக் கீழே வெளிச்சம் தெரியும். பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்கும். யாரோ கொட்டாவி விடுவார்கள், ஜன்னல் கொக்கியைப் போடுவார்கள், எதையோ தேடி மேஜை இழுப்பறையைத் திறந்து மூடுவார்கள். வீட்டில் யாரும் பயப்படவில்லை. பிள்ளை அறையில் இருக்கிறான் என்றால் எந்தத் தாய் பயப்படுவாள்? கதவை மட்டும் திறக்கவில்லை. திறந்து பார்த்து ஆள் இல்லை என்றால் என்ன செய்வது என்று அவள் ஒருமுறை கணவரிடம் கேட்டாள். அச்சகத்திலிருந்து வந்ததும் கதவையொட்டி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அச்சுத் தாள்களைத் திருத்துவாள். அவ்வப்போது அன்றைக்கு நடந்ததைக் கதவிடம் சொல்லுவாள். வீட்டு ஒதுக்கீடுகளைச் சரிபார்க்கும் தணிக்கைக்காரர் எதிர் பிளாக்கில்தான் குடியிருந்தார். வந்தார், சான்றிதழைப் படித்தார், கதவில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "குறட்டை விடறான் சார், எழுப்ப வேணாம்" என்றார். பயனாளி தூங்குகிறார், ஆட்சேபணை இல்லை என்று எழுதிக்கொண்டு, தண்ணீர் கூட வாங்கிக் குடிக்காமல் போய்விட்டார்.

தப்பு அடுத்த வருஷம் நடந்தது. சான்றிதழோடு வரும் ஆண்டுக்கான கோரிக்கையும் வைக்க வேண்டும்; எவ்வளவு பயன்பாடு, எவ்வளவு உயர்வு என்று அதில் இரண்டு கட்டங்கள். துண்டு சார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குறைத்து எழுதக் கை வரவில்லை. போன வருஷ அளவே போதும் என்று எழுதலாம்; ஆனால் அது, பிள்ளையைப் பற்றி அந்த வருஷம் முழுக்க எதுவுமே நினைக்கவில்லை என்று எழுதுவது போல இருந்தது. வாழ்நாள் முழுக்க எதை வெட்டினாரோ அதையே எழுதினார்: பத்து சதவீதம். அதற்கடுத்த வருஷமும் எழுதினார். ஒருமுறை எழுதிவிட்டால் மறுமுறை யோசிப்பதில்லை, அதுதான் அந்தப் பத்து சதவீதத்தின் குணம் என்று அவரை விட நன்றாகத் தெரிந்தவர் யார்?

அறைக்குள் இருந்தவன் தனக்கென்று எழுதியதை வாங்கிக்கொண்டான். வெளிச்சம் முதலில் கொஞ்ச நேரம் கூடுதலாக எரிந்தது, பிறகு விடியும்வரை எரிந்தது. குடத்துத் தண்ணீர் யாரும் மொள்ளாமலே குறைந்தது. நடையில் இருந்த செருப்பு அலமாரி ஒரு காலையில் வெளியே இல்லை, கதவு அதன் முன்னால் வந்து நின்றது. மறு வருஷம் துணி தேய்க்கும் மேஜையையும் தாண்டி வந்தது. சின்னவளின் படுக்கை சமையலறைக்குப் போயிற்று. அங்கும் சுவர் ஒரு முழம் முன்னால் வந்தபோது பால்கனிக்குப் போயிற்று. "வளர்ற பிள்ளை, இடம் வேணும்ல" என்றாள் அம்மா. வளருகிற பிள்ளை பால்கனியில் காலை மடக்கிப் படுத்திருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. பார்த்தாள், போர்வையை இழுத்துப் போர்த்தினாள், திரும்பி வந்து கதவருகே உட்கார்ந்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு இருக்கிறது. செத்தவர்களுக்குத்தான் இன்றைக்கே செய்ய வேண்டியிருக்கிறது.

அந்த ஆண்டுகளில் மாநிலத்தின் நிலைமையும் அப்படித்தான் இருந்தது. பழைய கடனுக்கு வட்டி, பழைய வாக்குறுதிக்குப் பணம், முன்னாள் ஆட்களுக்கு ஓய்வூதியம் எல்லாம் போக, பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்ற எதுவும் மிஞ்சவில்லை. இப்படியே போனால் இனி பிறக்கப்போகிறவர்களுக்கு ஒதுக்க ஒன்றும் இருக்காது என்று துண்டு சார் ஒவ்வொரு ஆய்விலும் எழுதினார். அமைச்சரின் அலுவலகம் நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டது. எழுதிவிட்டு வீட்டுக்கு வந்து, பால்கனிக்குப் போகிற வழியில் ஒருக்களித்து நடந்து, மகளிடம் சாப்பிட்டாயா என்று கேட்பார். அவள் சாப்பிட்டேன் என்பாள். அதற்கு மேல் கேட்க அவருக்குத் துணிவில்லை.

இடம் தீர்ந்த பிறகு தூக்கம் போக ஆரம்பித்தது. முதலில் யாருக்கும் புரியவில்லை. அறைக்குள் குறட்டை நீண்டுகொண்டே போயிற்று, காலையில் தொடங்கி மாலைவரை ஆழ்ந்து நிம்மதியாகக் கேட்டது. சின்னவள் அதே அளவுக்கு விழித்திருந்தாள். படுப்பாள், கண்ணை மூடுவாள், கண்ணுக்குள் வெளிச்சம் எரியும். அப்போது அவள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பழகிக்கொண்டிருந்தாள், அண்ணன் போன வயதை எட்டியிருந்தாள். குழாய்களில் ஒட்டிய பெயர்கள் அவள் கண்ணுக்கு ஒன்றன் மேல் ஒன்றாகத் தெரிந்தன. மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்ட அன்று அறைக்குள் குறட்டை இன்னும் பலமாகக் கேட்டது, அவளுக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை.

அந்த வருஷம் அவள் அம்மா அச்சகத்துக்குள் பூட்டப்பட்டிருந்தபோது, ஒரு பேருந்து ஓட்டுநர் சின்னவளைக் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்து வந்தார். பேருந்தைத் தெருமுனையில் பயணிகளோடு நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

"உங்க பொண்ணுங்களா சார்? கண்ணைத் திறந்துக்கிட்டே நேரா வந்து வண்டிக்கு முன்னாடி நின்னுச்சு. நான் பிரேக்கு போட்டது ஒரு சாண் முன்னாடி. இறங்கித் திட்டப் போனேன். தூக்கமே வரலை அண்ணே, எங்கேயாவது படுக்கலாமான்னு கேட்டுச்சு. அப்புறம் எப்படி சார் திட்டறது?"

துண்டு சார் அவருக்கு நன்றி சொன்னார். எந்த வார்த்தையில் சொன்னார் என்று அவருக்கு நினைவில்லை. மகளைக் கூடத்துச் சோபாவில் உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் முகத்தை வெகுகாலத்துக்குப் பிறகு அருகில் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, கன்னம் ஒட்டி, ஊரில் இருக்கும் யாரோ ஒருவர் வீட்டுப் பெண்ணைப் போல இருந்தாள். ஆண்டு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. இடம் கொடுத்தாயிற்று, வெளிச்சமும் தண்ணீரும் கொடுத்தாயிற்று, தூக்கம் கொடுத்தாயிற்று. இந்த வருஷம் பத்து சதவீதம் எழுதினால் அது எதிலிருந்து எடுத்துக்கொள்ளப்படும் என்று கண்டுபிடிக்க ஆய்வுப் பிரிவு தேவையில்லை. "அப்பா, நான் சண்டை போடலை. அண்ணன் நல்லாத் தூங்கட்டும். எனக்கும் கொஞ்சம் மிச்சம் வைக்கச் சொல்லுங்க, போதும்" என்றாள் அவள். அவர் வாய்விட்டு அழுதார். மகன் போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. அழுகைக்கு நடுவிலும் அறைக்குள் குறட்டை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

அமைச்சர் சபையில் உரையை வாசித்த அன்று அச்சகத்தைத் திறந்துவிட்டார்கள். மனைவி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நின்றபடியே கேட்டாள். பிறகு சோபாவில் கண்ணைத் திறந்தபடி கிடந்த மகளைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். "அவனை அழிச்சிடுன்னு என்கிட்ட சொல்றீங்களா?" என்று கேட்டாள். இந்தச் செலவை வெட்டிவிடலாம் என்று அமைச்சரிடம் எத்தனையோ முறை சொல்லிப் பழகிய வாக்கியத்தை அவளிடம் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு மகளின் கால்மாட்டில் உட்கார்ந்தாள், பிறகு அவளேதான் பேசினாள். "நம்ம பட்ஜெட் புத்தகத்துல ஒரு பாலம் வருமே, தெரியுமா உங்களுக்கு? நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து அந்த வரியைத் திருத்தறேன். கட்டவும் இல்லை, எடுக்கவும் இல்லை."

அவருக்குத் தெரியும். அது டோக்கன் ஒதுக்கீடு. செய்ய வசதியில்லை, விட மனமும் இல்லை என்றால், பெயருக்கு ஒரு சின்னத் தொகையை வைத்து அந்தத் தலைப்பை மட்டும் உயிரோடு வைத்திருப்பார்கள். அதை ஏமாற்று வேலை என்று அவர் பல ஆய்வுகளில் எழுதியிருந்தார்.

"அந்த மாதிரி வைங்க" என்றாள். "பேரு இருக்கட்டும். கொஞ்சம். மத்ததெல்லாம் பாப்பாவுக்கு எழுதுங்க."

என்ன கொஞ்சம் என்று அவர் கேட்டார். பயன்பாடு இன்னதென்று குறிப்பிட வேண்டும், பொதுப்படையாக எழுத முடியாது. அவள் யோசித்தாள். குரல் கேட்டுவிடலாமா என்று தோன்றியிருக்கும். முகம் என்றும் தோன்றியிருக்கும். எவ்வளவு ஆசைப்பட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று இப்போது அவளுக்கும் தெரிந்திருந்தது. "குளிச்சிட்டு ஈரக் காலோட கூடத்துக்கு வருவான்" என்றாள் கடைசியில். "துடைச்சிட்டு வாடா, யாராவது வழுக்கி விழப்போறாங்கன்னு தினம் கத்துவேன். ஒரு காலடி போதும். இடது கால்." ஏன் இடது என்று அவர் கேட்கவில்லை. மகன் என்று எழுதி, நாளொன்றுக்கு ஓர் ஈரக் காலடி என்று எழுதினார். உயர்வு என்ற கட்டத்துக்கு வந்தபோது அவர் கை அதன் போக்கில் பத்து என்று எழுதிவிட்டது. அவள் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அச்சுப் பிழையை நீக்குகிற அதே குறியைப் போட்டு அந்த எண்ணை எடுத்துவிட்டு, ஓரத்தில் இல்லை என்று எழுதி, தன் சுருக்கக் கையெழுத்தையும் போட்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

ஒன்றாம் தேதி காலை செருப்பு அலமாரி நடையில் இருந்தது. கதவு பழைய இடத்தில் நின்றது. உள்ளே சத்தம் இல்லை. அம்மாவே திறந்தாள். அத்தனை வருஷம் கலையக்கூடாது என்று காத்த அறை, புழங்கிப் புழங்கித் தேய்ந்து போயிருந்தது. மெத்தையில் ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம். தலை சாய்த்த சுவரில் எண்ணெய்க் கறை. புத்தகம் படித்து முடித்து மூடி வைக்கப்பட்டிருந்தது. நீலச் சட்டை முழங்கையில் கிழிந்து, கழுத்துப்பட்டை நைந்து, ஒரு பொத்தான் வேறு நிற நூலால் தைக்கப்பட்டிருந்தது. அவள் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கிழியக் கிழியப் போட்டிருக்கான் பாருங்க. ஒரு நல்ல சட்டை எடுத்துக் குடுக்காம விட்டுட்டோம்" என்றாள். பிறகு விரிப்பை உருவி உதறி, புது விரிப்பு போட்டு, மகளைக் கூப்பிட்டாள். சின்னவள் படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள். அன்றும் தூங்கினாள், மறுநாளும் தூங்கினாள். பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்து விசாரித்தபோது, அவள் அப்பா உதட்டில் விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினார். பெற்றவர்கள் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குளியலறையிலிருந்து கூடத்துக்கு வரும் இடத்தில் அன்றைக்கே முதல் காலடி விழுந்தது. இடது கால், ஐந்து விரலும் பிரிந்து, குதிகாலில் கொஞ்சம் தண்ணீர் தேங்கி. அதற்குப் பிறகு ஒரு நாள்கூடத் தவறவில்லை, ஒரு நாளும் இரண்டாகவில்லை. ஆண்டுதோறும் துண்டு சார் மாற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் ஓய்வு பெற்றுக் குடியிருப்பைக் காலி செய்தபோது அந்தத் தலைப்பை வாடகை வீட்டு முகவரிக்கு மாற்ற மனுப் போட்டார். அனுமதி வரச் சில வாரம் ஆயிற்று, அந்த வாரங்களில் அவர் மனைவி சரியாகச் சாப்பிடவில்லை, பிறகு வந்துவிட்டது. வீட்டுக்காரர் வந்து தரையில் ஈரம் ஊறுகிறதே, குழாய் ஒழுகுகிறதா என்று கேட்டார். மூத்த பையன் என்றார்கள். சரி, தரைக்குக் கேடு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னவள் கட்டிக்கொண்டவர் மின்தூக்கி பழுது பார்க்கிறவர், பரபரப்பான மனிதர். கல்யாணமான புதிதில் அதில் கால் வைத்து வழுக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "உங்க மச்சான்தான். பாத்து வரக் கூடாதா?" என்றாள் சின்னவள். அவர் தரையைப் பார்த்து, "சாரி மச்சான்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதிலிருந்து அவரும் அந்த இடத்தில் ஓரமாகத்தான் நடக்கிறார்.

அம்மா அதைத் துடைப்பதில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, தானாகக் காயும்வரை உட்கார்ந்திருப்பாள். முதலில் விரல்கள் போகும், பிறகு பாதம், கடைசியாகக் குதிகால். வெயில் நாளில் சீக்கிரம் முடிந்துவிடும். மழை நாட்களில் காய வெகுநேரம் ஆகும். அன்றைக்கெல்லாம் அந்த வீட்டில் சமையல் தாமதம்தான்; யாரும் ஏன் என்று கேட்பதில்லை.